ஒரு மாத்திரை

நாரினில் குளிர் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கினால்
கணினிகள் எழுந்திருக்க மாட்டா.
முதலில் அடுப்புக்கு இரண்டு வாளி நிலக்கரி,
பிறகுதான் விசைப்பலகை.
பதினோரு பெட்டிகள், இருபத்தாறு பிள்ளைகள்.
ஏதோ ஜெர்மன் காப்பீட்டு அலுவலகம் கழித்துப் போட்டவை;
ஒன்றின் முதுகில் இன்னும் ஒட்டியிருக்கிறது
ஊர்சுலாவுக்குப் பிறந்தநாள் என்று நினைவூட்டும் மஞ்சள் சீட்டு.
ஹெட்போனின் இரு காதுகளையும்
ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்,
கன்னத்தோடு கன்னம் உரச.

திரைக்குள் இருக்கும் பெண் கேட்கிறாள்:
வார இறுதியில் நீ என்ன செய்வாய்?
விடைகள் நான்கு.
கடற்கரை, சினிமா, பீட்சா, நீச்சல்.
எமிர்லான் கை தூக்குகிறான்:
"சாணி அள்ளுறதுக்கு எதை அழுத்தணும், எஜே?"
நீச்சலை அழுத்து என்றேன்.
பச்சை விழுந்தது.

மூன்றாம் பாடத்தில் ஓர் ஆடு. பக்கத்தில் ஒரு கப்பல்.
ஷீப். ஷிப்.
ஒரு மாத்திரை கூடினால் மேய்கிறது
குறைந்தால் மிதக்கிறது.
ஆட்டை எங்களுக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம்,
காது வெட்டைப் பார்த்தே யார் வீட்டுடையது என்போம்.
கப்பலை வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை.
எங்கள் ஆறுகூடக் கடலைப் பார்த்ததில்லை,
போகிற வழியில் பருத்திக்காடுகள்
குடித்துவிடுகின்றன.

நான் முதலில் ரஷ்ய மொழி ஆசிரியை.
அதற்கு ஆள் மிகுந்துபோன வருடத்தில்
ஆறு வாரப் பயிற்சி கொடுத்து
அனார்குல், இனி நீ ஆங்கிலம் என்றார்கள்.
இருபத்தைந்து வருடமாக நான் சொன்னதுதான்
இந்த ஊருக்கு ஆங்கிலம்.

ஆசிரியர் கணக்கில் மதிப்பெண் பார்க்கலாம்,
பேசிப் பார்க்க முடியாது.
எமிர்லானின் கடவுச்சொல் மேசையிலேயே கீறியிருந்தது:
கஷ்கா. அவன் குதிரை.
பிள்ளைகள் போனபின், கோட்டைக் கழற்றாமல் அமர்ந்து
மைக்கிடம் குனிந்து ஆடு என்றேன் ஆங்கிலத்தில்.
சிவப்பு. கப்பல் வந்தது.
மறுபடி சொன்னேன். கப்பல்.
இழுத்துச் சொன்னேன், இன்னொரு கப்பல்.
அடுப்பு அணைந்த பிறகும் சொன்னேன்.
நான் ஓட்டிவந்த மந்தை முழுவதும்
தண்ணீரே இல்லாத அறையில் கப்பற்படையாகி நின்றது.
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
வீட்டுக்கு நடக்கையில் காலடியில் பனி
குறிலாகவே நொறுங்கியது.

காலையில் எமிர்லான் திரையைப் பார்த்தான்.
நான்காம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியிருந்தான்.
இந்த இயந்திரம் எதையும் மறப்பதில்லை என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை:
நேற்று, மாலை ஆறு நாற்பது, நாற்பது முயற்சிகள்.
அருகிலேயே, கேட்டுப் பார்க்க ஒரு பொத்தான்.

கரும்பலகையில் என் கை எழுதிக்கொண்டிருந்தது.
முதுகுக்குப் பின்னால்
அவனுடைய ஒரு காதிலும் பெர்மெத்தின் ஒரு காதிலும்
நான் கிழவியின் பிடிவாதத்தோடு
ஷிப் ஷிப் என்றுகொண்டிருந்தேன்.

சிரிப்புக்குக் காத்திருந்தேன்.
"எஜே" என்றான்,
"ஏழாம் நம்பர் மைக் ரிப்பேர்."
கொஞ்சம் பொறுத்து, யாரிடமோ சொல்வதுபோல:
"மெதுவாச் சொன்னா இதுக்குக் காது கேக்காது.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆட்டைக்
கூப்பிடுற மாதிரி கூப்பிடணும்."
கூப்பிட்டுக் காட்டினான்.
வகுப்பே கூப்பிட்டது.
பதினோரு பெட்டிகளும் ஒரே குரலில்
மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள் என்றன.

பதிவேட்டில் எழுதினேன்: எண் ஏழு, மைக் பழுது.
சரிபார்க்க இன்னும் யாரும் வரவில்லை.
இரண்டாம் நிலையிலிருந்து அவன் மறுபடி ஏறுகிறான்,
முணுமுணுப்பில்லை.

நேற்று மாலை அந்த மேசையில் உட்கார்ந்தபோது
கஷ்காவுக்குக் கீழே புதிதாக ஒரு கீறல்.
குடும்பத்தோடு மாஸ்கோ போய்விட்ட
அர்ஸ்தானின் பெயர், அவன் கடவுச்சொல்.
இலையுதிர்காலத்திலிருந்து யாரும் தொடாத கணக்கு.

உள்ளே போனேன்.
முதல் நிலை. முதல் படம்.
ஓர் ஆப்பிள், என்னைப் பார்த்தபடி.